கொட்டில் இருமல்: நாய் விடுதிகளோடு வளர்ந்த ஒரு நோயின் கதை

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்தவர் பெயரை வைப்பார்கள், அல்லது பாதிக்கப்படும் உறுப்பின் பெயரை வைப்பார்கள். ஆனால் ஒரு கட்டடத்தின் பெயரால் அழைக்கப்படும் நோய் ஒன்று இருக்கிறது. நாய்களுக்கு வரும் 'கென்னல் காஃப்' தான் அது. கென்னல் என்றால் நாய்க் கொட்டில். ஆக, தமிழில் கொட்டில் இருமல் என்று சொல்லலாம்.

தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போல நாய் வறட்டு இருமல் இருமும். கடைசியில் வாந்தி எடுக்கப் போவது போல ஓங்கரித்து, கொஞ்சம் நுரையைத் துப்பும். பார்ப்பவர்கள் "எதையோ முழுங்கிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். அப்படியென்றால் இதற்கு ஏன் ஒரு வரலாறு? காரணம் இருக்கிறது. நாய்களின் மிகக் கொடிய நோய் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனவர்களிடம்தான் இந்தச் சாதாரண இருமலின் கிருமியும் சிக்கியது. மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலின் வைரஸ் பிடிபட்டதும் அதே பாதையில்தான்!

ஊர் நாய்க்கு விடுதி இல்லை

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. அந்தக் காலத்துத் தமிழர் வாழ்க்கையில் நாய்க்கும் இடம் இருந்தது. உத்திரமேரூருக்கு மேற்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனின் உருவத்துக்குப் பக்கத்திலேயே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது என்றால் சும்மாவா!

அந்த நாய் பட்டியில் மாட்டோடு இருந்திருக்கும், வயலில் அலைந்திருக்கும், வாசலில் படுத்திருக்கும். இன்றைக்கும் கிராமத்து நாய்கள் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு, ஓர் எல்லை. வேற்றுத் தெரு நாய் வந்தால் குரைத்து விரட்டிவிடும். கிராமத்து நாய்க்கு நோயே வராது என்று சொல்ல முடியாது. வெறிநோய் வரும், சொறி வரும், வேறு பலவும் வரும். ஆனால் இருபது முப்பது நாய்கள் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே காற்றை இரவும் பகலும் சுவாசிக்கும் நிலை அங்கே கிடையாது. கொட்டில் இருமலுக்கு வேண்டியது அந்த நிலைதான்.

வேட்டைக்காரர்களின் கொட்டில்கள்

அந்த நிலையைப் பெரிய அளவில் உண்டாக்கியவர்கள் இங்கிலாந்தின் பிரபுக்கள். நரி வேட்டைக்காக ஒரே இன நாய்களைக் கூட்டமாக வளர்த்தார்கள். ஒரு கொட்டிலில் நூறு நாய் கூட இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தக் கொட்டில்களுக்குள் டிஸ்டெம்பர் என்ற நோய் புகுந்தது. 1760களில் ஸ்பெயினில் நாய்களைக் கொன்று குவித்துவிட்டு, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிய நோய் அது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், கழிச்சல், கடைசியில் வலிப்பு. குட்டிகள்தான் அதிகம் செத்தன.

அம்மைத் தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் ஜென்னரை எல்லோருக்கும் தெரியும். அவர் நாய்களையும் கவனித்தார் என்பது பலருக்குத் தெரியாது. தன் ஊரான பெர்க்லியில் இருந்த பிரபுவின் வேட்டை நாய்களைப் பார்த்து, 1809இல் டிஸ்டெம்பர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இது வெறிநோய் அல்ல, தனி நோய், ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவது என்று விளக்கினார். பசு அம்மைப் பாலைக் குத்தினால் நாய்களும் தப்பிக்குமா என்றும் முயன்று பார்த்தார்கள். பலன் இல்லை.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பொழுதுபோக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். சென்னையைச் சுற்றியும் ஊட்டியின் புல்வெளிகளிலும் வேட்டைக் குழுக்கள் இருந்தன. நரிக்குப் பதிலாக இங்கே குள்ளநரியைத் துரத்தினார்கள். அதற்கான நாய்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கப்பலின் மூடிய அறையில் மாதக்கணக்கான பயணம், அது முடிந்ததும் மூடிய கொட்டிலில் வாழ்க்கை. தமிழ்நாட்டு மண்ணில் கூட்டுக் கொட்டில் என்ற பழக்கம் வேர் விட்டதில் அந்த வேட்டைக் குழுக்களுக்கும் பங்கு உண்டு.

குற்றவாளி யார்?

19ஆம் நூற்றாண்டின் முடிவில் கிருமிகளைத் தேடும் காலம் வந்தது. 1905இல் ஆன்ரி கார்ரே என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர், டிஸ்டெம்பர் வந்த நாயின் மூக்குச் சளியை மிக நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டினார். பாக்டீரியா எதுவும் அதில் தப்பி வர முடியாது. வடிகட்டிய நீரை ஆரோக்கியமான நாய்க்குச் செலுத்தினார். அந்த நாய்க்கும் நோய் வந்தது! அதாவது, நோய்க்குக் காரணம் பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று. இன்று அதை வைரஸ் என்கிறோம்.

ஆனால் எல்லோரும் அவரை நம்பிவிடவில்லை. 1910 வாக்கில் அமெரிக்காவில் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த என்.எஸ்.ஃபெர்ரி, நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழாயிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இதுதான் டிஸ்டெம்பருக்குக் காரணம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் மெக்கோவன் என்பவரும் அதே பாக்டீரியாவைக் கண்டார். சாதாரணமாகவா, நாயிடம் மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்தில் இருந்த முயல், பூனை என்று பல விலங்குகளிடம்!

யார் சொல்வது சரி என்ற சர்ச்சை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடியது. அந்தப் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் விற்பனையாயின. போட்ட நாய்களும் செத்தன.

பின்னால் தெரிந்த உண்மை என்னவென்றால், டிஸ்டெம்பர் விஷயத்தில் கார்ரே சொன்னதே சரி. ஆனால் ஃபெர்ரி கண்டதும் வெறும் கற்பனை அல்ல. அவர் பிடித்தது வேறொரு குற்றவாளி. கொட்டிலில் டிஸ்டெம்பரோடு கூடவே உலவிக்கொண்டிருந்த இருமலின் கிருமி அது. மனிதக் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தரும் கிருமிக்கு நெருங்கிய உறவு. கக்குவான் கிருமியைக் கண்டுபிடித்த ஜூல் போர்டேயின் நினைவாக இந்தக் குடும்பத்துக்கே 1952இல் போர்டெடெல்லா என்று பெயர் வந்தது. நாய்க்கு வருவது போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா.

குளித்துவிட்டு உள்ளே வா

சர்ச்சையை முடித்து வைத்தது ஒரு பத்திரிகை என்றால் ஆச்சரியமாக இருக்கும். 'தி ஃபீல்ட்' என்ற ஆங்கில வேட்டை இதழ் வாசகர்களிடம் நிதி திரட்டி, 1923இல் டிஸ்டெம்பர் ஆராய்ச்சிக்கென்று ஒரு குழுவை அமைத்தது. லண்டனுக்கு அருகே மில் ஹில் என்ற இடத்தில் பேட்ரிக் லெய்ட்லா, ஜி.டபிள்யூ.டன்கின் என்ற இருவர் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது நோயே அறியாத நாய்கள். வெளியிலிருந்து வாங்கும் நாய் ஏற்கெனவே நோய் வந்து போனதா, இல்லையா என்று எப்படித் தெரியும்? எனவே தாங்களே ஒரு வளாகம் கட்டி, அதற்குள் குட்டிகளை வளர்த்தார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெளி நாயைத் தொட்டவர் அப்படியே உள்ளே வர முடியாது. உள்ளே இருந்த நாய்கள் நோய் இல்லாமல் வளர்ந்தன.

தடுப்பூசி வருவதற்கு முன்பே, மருந்து எதுவும் இல்லாமலே, வெறும் ஒழுங்கினால் மட்டும் ஒரு தொற்று நோயை வாசலில் நிறுத்த முடியும் என்று அந்தக் கொட்டில் காட்டியது. இன்றைய நாய் விடுதிகள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

அவர்கள் ஃபெரெட் என்ற, கீரி போன்ற சிறு விலங்கையும் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். அதற்கு டிஸ்டெம்பர் மிக எளிதில் தொற்றும். 1926 முதல் 1928 வரை வெளியான அவர்களின் கட்டுரைகள் டிஸ்டெம்பர் வைரஸ் நோய்தான் என்று உறுதி செய்தன, தடுப்பூசிக்கும் வழி காட்டின. அதே லெய்ட்லா, வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ் ஆகியோருடன் சேர்ந்து 1933இல் மனிதனின் ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தார். எதில் வளர்த்து? அதே ஃபெரெட்டில்! நாய்க்காக வேட்டைக்காரர்கள் கொடுத்த பணம் மனிதனுக்கும் பயன்பட்ட கதை இது.

டிஸ்டெம்பர் அடங்கியது, இருமல் மிஞ்சியது

20ஆம் நூற்றாண்டின் நடுவில் நல்ல டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் வந்தன. பணக்கார நாடுகளில் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் விடுதிகளில் இருமல் மட்டும் நிற்கவில்லை. பெரிய நோய் விலகியதும் அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்ன நோய் தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

1960களில் நாயின் மூச்சுக்குழாயைத் தாக்கும் அடினோ வைரஸ் ஒன்றும், பாரா இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒன்றும் கண்டறியப்பட்டன. "அப்படியானால் போர்டெடெல்லா நிரபராதி, பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது தான்" என்று சிலர் நினைத்தார்கள். 1970களில் நடந்த சோதனைகள் அதை மறுத்தன. அந்தப் பாக்டீரியா தனியாகவே இருமலை உண்டாக்கும் என்று தெரிந்தது. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளும் துடைப்பம் அவை. போர்டெடெல்லா அந்தத் துடைப்பத்தையே பிடித்து நிறுத்திவிடுகிறது.

ஆக, கொட்டில் இருமல் என்பது ஒரே கிருமியின் வேலை அல்ல, ஒரு கூட்டணி. 2003இல் லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரியினர், ஒரு நாய்க் காப்பகத்தில் கொரோனா குடும்பத்து வைரஸ் ஒன்றையும் இந்தக் கூட்டணியில் கண்டார்கள். (மனிதனுக்கு வந்த கோவிட் வைரஸ் அல்ல இது.) 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பந்தய நாய்க் கொட்டில் ஒன்றில் 22 நாய்கள் நோயுற்று 8 இறந்தன. குதிரைகளின் எச்3என்8 ஃப்ளூ நாய்க்குத் தாவியிருந்தது. 2015இல் சிகாகோவில் ஆசியாவிலிருந்து வந்த எச்3என்2 ஃப்ளூ ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைத் தொற்றியது. நாய் விடுதிகளும் டே கேர்களும்தான் அது பரவிய முக்கிய வழி.

நம் ஊர் நிலவரம்

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வேப்பேரியில் தொடங்கியது. மாடுகளின் வெக்கை நோய் டிஸ்டெம்பருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி, ஒரே வைரஸ் குடும்பம். தொடர்ந்த தடுப்பூசியால் அது இந்தியாவிலிருந்து ஒழிந்து, 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாட்டுக்கு அவ்வளவு செய்த நாம் நாய்க்கு என்ன செய்தோம்? வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். அது உயிர் காக்கும் வேலை, சந்தேகமில்லை. ஆனால் நாய்க்கு ஊசி என்றாலே அது ஒன்றுதான் என்ற எண்ணம் கிராமங்களில் நிலைத்துவிட்டது.

இதற்கிடையில் வாழ்க்கை மாறிவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்குப் போகும் குடும்பங்கள் லேப்ரடார், பொமரேனியன் என்று வளர்க்கின்றன. கல்யாணம், கோயில் திருவிழா என்று வெளியூர் போனால் நாயை விடுதியில் விடுகிறார்கள். அங்கே நான்கு நாள் இருந்த நாய் வீடு திரும்பிய ஒரு வாரத்தில் இருமும். அதற்குள் அது தெரு நாயோடு மூக்கு உரசியிருக்கும், பக்கத்து வீட்டுக் குட்டியோடு விளையாடியிருக்கும். விடுதியில் பிடித்தது கிராமத்தில் இறங்கிவிடும்.

இருமல் மட்டும் என்றால் பரவாயில்லை. டிஸ்டெம்பரும் ஆரம்பத்தில் இருமலாகத்தான் வரும்! அது நாயோடு நிற்பதுமில்லை. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சோதித்துப் பார்த்ததில் அவற்றில் சிலவற்றுக்கு டிஸ்டெம்பர் வைரஸ் தொற்றியிருந்தது. காட்டோரக் கிராமத்து நாய்களிடமிருந்து அது போயிருக்கலாம் என்ற கவலை எழுந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் சிங்கம் இல்லை. ஆனால் ஏரிக்கரைகளில் நரியும் கீரியும் உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அது மாற்றப்பட்டது. வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. குழந்தைகளைக் கடிக்கும் நாய்கள் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் பெரிய காப்பகம் கட்ட நினைக்கும் எந்த ஊரும் இந்த இருநூறு ஆண்டுக் கொட்டில் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஊசி போடாத நாய்களை நெருக்கமாக அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

வருமுன் காப்பது எப்படி?

ஒரு விடுதி நடத்துபவர் செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல.

முதலாவது, ஊசிச் சீட்டு இல்லாமல் நாயை உள்ளே விடக்கூடாது. டிஸ்டெம்பர், அடினோ, பாரா இன்ஃப்ளூயன்சா மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது. போர்டெடெல்லாவுக்குத் தனியாக மூக்கில் விடும் சொட்டு மருந்து உண்டு. அதை விடுதிக்கு வரும் அன்று காலையில் போட்டால் பயன் குறைவு. ஒரு வாரமாவது முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். போட்டாலும் இருமலே வராது என்று உறுதி இல்லை. வந்தால் லேசாக வந்து போகும்.

இரண்டாவது, காற்று. நோய் முக்கியமாகப் பரவுவது இருமலில் தெறிக்கும் துளிகளால்தான். ஏசி போட்டுக் கதவு ஜன்னலை அடைத்த அறையை விட, எதிரெதிர் ஜன்னல் வைத்த ஓட்டுக் கொட்டகை எவ்வளவோ மேல். நாய்க்கும் நாய்க்கும் நடுவே மூக்கு உரசாத தடுப்பும் வேண்டும்.

மூன்றாவது, தனி அறை. இருமும் நாயை உடனே பிரிக்க வேண்டும். அதைக் கவனிப்பவர் மற்ற நாய்களை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அங்கே போக வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்ற வேண்டும். மில் ஹில் பாடம்! தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், விரிப்பு, கயிறு எல்லாம் தனி. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டுப் பிறகு பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சிங் வேலை செய்யாது.

நான்காவது, கணக்கு. எந்த நாய் எந்தத் தேதியில் வந்தது, யார் பக்கத்தில் இருந்தது, எப்போது போனது என்று ஒரு நோட்டு. ஒரு நாய் இருமினால் அதனுடன் இருந்த நாய்களின் வீடுகளுக்கு அன்றே போன் போட வேண்டும். தொற்றியதிலிருந்து இருமல் வரப் பெரும்பாலும் 2 முதல் 10 நாள் ஆகும். இருமல் நின்ற பிறகும் சில நாய்கள் வாரக்கணக்கில் போர்டெடெல்லாவைப் பரப்பும். நோட்டு இல்லாவிட்டால் இதை யாரும் தொடர முடியாது.

வீட்டில் இருமும் நாய்க்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை போடலாம். வீட்டில் இருக்கும் மனித இருமல் மருந்தையோ, பாராசிட்டமாலையோ மட்டும் கொடுத்துவிடக் கூடாது, அது விஷமாகலாம். சாப்பிடாமல் சோர்ந்தாலோ, காய்ச்சல், சளி, மூச்சு வாங்கல் இருந்தாலோ, குட்டி அல்லது கிழ நாயாக இருந்தாலோ மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாமா என்பது மருத்துவர் முடிவு.

லாப நஷ்டம்

இதெல்லாம் வியாபாரத்துக்கு ஒத்து வருமா என்று கேட்கலாம். ஓர் உதாரணக் கணக்கு. பத்து நாய்கள் தங்கும் விடுதியில் ஒரு நாய்க்கு நாளுக்கு 500 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5000 ரூபாய். தொற்று பரவி இரண்டு வாரம் மூட வேண்டி வந்தால் 70,000 ரூபாய் போச்சு. போன நல்ல பெயர் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஊசிச் சீட்டு இல்லாத ஒரு நாயைத் திருப்பி அனுப்பினால் நான்கு நாளுக்கு நஷ்டம் வெறும் 2000. எது லாபம் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆனால் திருவிழா சீசனில், வாசலில் வாடிக்கையாளர் பெட்டியோடு நிற்கும்போது "முடியாது" என்று சொல்ல மனம் வராது. அதனால்தான் விதியை முன்கூட்டியே எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டியிருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார் இதை அறிந்திருந்தார்கள். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆள் முகம் பார்த்து விதி மாறக்கூடாது என்பதுதான் அதன் பொருள். நாய் விடுதியின் வாசலுக்கும் அப்படி ஒரு விதி போதும்: சீட்டு இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் ஊசி போட்டுவிட்டு அடுத்த முறை.

வாயில்லாத ஜீவன் தனக்கு எங்கே நோய் தொற்றியது என்று சொல்லாது. அதற்காக நோட்டில் எழுதி வைக்க வேண்டியது மனிதர்களின் வேலை.